துளிர்த்த குச்சி ஏன் செத்தது? அம்மா வைத்த செடிகளைக் காப்பாற்றும் வழி

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் உங்கள் அம்மா இருந்த லயத்து வீட்டை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, இன்னும் இரண்டு மாதத்தில் இடிக்கப் போகிறார்கள். வாசலில் அம்மா கைப்பட வைத்த அடுக்குச் செம்பருத்தி, பன்னீர் ரோஜா, மல்லிகை. பின்பக்கம் கருவேப்பிலையும் முருங்கையும். போன மாதம் வாசல் செடிகளில் 12 குச்சி வெட்டி வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள உங்கள் வீட்டில் தொட்டியில் நட்டீர்கள். 10 குச்சி துளிர்த்தது. மூன்றாவது வாரம் ஒவ்வொன்றாகக் கருகி எல்லாம் போய்விட்டது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் இப்படி ஆனதே, எனக்குக் கைராசி இல்லையா என்று கேட்கிறீர்கள்.

கைராசி எல்லாம் இதில் இல்லை, மனசை விடாதீர்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் தோட்டத்து நர்சரியில் பால்மரக் (ரப்பர் மரக்) கன்றுக்கு ஒட்டுக்கட்டியவன். உங்களுக்கு நடந்ததைப் போல நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் இருக்கிறதென்றால் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்க நேரம் இல்லை.

முதலில் ஏன் செத்தது என்று புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். குச்சியில் துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்தீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தண்டுக்குள் ஏற்கெனவே மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது, கொஞ்சம் ஈரமும் கதகதப்பும் இருந்தால் போதும், கணுவில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டு அதைத் தின்று விரிந்துவிடும். வேலையை விட்டு நின்றவர் ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்துக் குடும்பம் நடத்துவது போலத்தான். வரவு என்பது வேர் வந்த பிறகுதான். அதற்குள் புதுத் துளிர் வெயிலில் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, கீழேயிருந்து ஏற்றிக்கொடுக்க வேர் இல்லை, சேமிப்பும் தீர்ந்துவிடுகிறது. அதுதான் உங்கள் மூன்றாவது வாரம்.

இரண்டாவது காரணம், மன்னிக்கவும், அந்த இரண்டு வேளைத் தண்ணீர். வெட்டுவாய்க்குப் பக்கத்தில், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு மெல்லிய பச்சை அடுக்கு இருக்கிறதே, அங்கிருந்துதான் பெரும்பாலும் வேர் புறப்படுகிறது. அது வேலை செய்ய ஈரம் வேண்டும், அதே அளவுக்குக் காற்றும் வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் காற்றுப் போகும் இடுக்கெல்லாம் தண்ணீரால் அடைபட்டு, அடிப்பகுதி மூச்சுத் திணறி, பூஞ்சை ஏறிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்களில் காலை மாலை தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள், அங்கே காற்று காய்ந்த காற்று, அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. வெள்ளைக்காரர்கள் வீடியோவில் தொட்டிக்கு அடியில் சூடு கொடுக்கும் விரிப்பு போடச் சொல்வார்கள், அது குளிர்நாட்டுக்கு. நம் பேராக்கில் மதியம் இடியும் மழையும், ராத்திரி முழுக்கப் புழுக்கம், மண் காயவே காயாது. இங்கே குச்சி காய்ந்து சாவது குறைவு, அழுகிச் சாவதுதான் அதிகம். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்: மேலே இலைக்கு ஈரக்காற்று, கீழே வெட்டுவாய்க்கு மூச்சு.

செத்த குச்சிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அடி கறுத்து, விரலால் தேய்த்தால் பட்டை நனைந்த காகிதம் போல உரிந்து, சாக்கடை வாடை அடித்தால் அது அழுகல். அடி வெளிறி விறகு மாதிரி கெட்டியாக இருந்தால் காய்ந்து போனது. சிலவற்றில் வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக, சோற்றுப் பருக்கைகளை ஒட்டவைத்தது போல முண்டுமுண்டாக இருக்கும். அது காயத்தை மூட வளர்ந்த திசு. அப்படி ஒன்றாவது இருந்தால் அந்தக் குச்சி வேருக்குப் பக்கத்தில் வந்து செத்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்த முறை அதே செடி உங்களுக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சரி, இப்போது எந்தக் கிளையை வெட்டுவது. இதில்தான் பாதி வெற்றி இருக்கிறது, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பால்மரத்தை ஏன் குச்சி நட்டு வளர்க்காமல் ஒட்டுக்கட்டுகிறோம் தெரியுமா? இளநாற்றின் தண்டை வெட்டி நட்டால் வேர் விடும், ஆனால் பால் வெட்டும் வயசுக்கு வந்த மரத்தின் கிளையை நட்டால் வேர் விடுவது மிக அரிது, விட்டாலும் ஆணிவேர் இருக்காது, காற்றுக்குச் சாய்ந்துவிடும். அதனால் விதையிலிருந்து வந்த கன்றை வேருக்கு வைத்துக்கொண்டு, நல்ல மரத்தின் மொட்டை அதில் ஒட்டுகிறோம். தோட்டம் தோட்டமாக நின்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகத்துப் பால்மரமெல்லாம் ஒரே ஒரு தாய்மரத்தின் மொட்டுகளிலிருந்து வந்தவை. நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, அந்தக் காலத்தில் எல்லாம் விதைதான், மரத்துக்கு மரம் பால் வேறுவேறாக இருந்திருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கிளைக்கு வயசு ஏற ஏற வேர்விடும் குணம் குறைகிறது. உங்கள் அம்மாவின் செம்பருத்தி இருபது முப்பது வருஷத்துச் செடியாக இருக்கலாம், அதன் அடித்தண்டில் சாம்பல் நிறத்தில் முற்றிப்போன கிளையை வெட்டினால் சிரமம். நுனியில் வழவழவென்று பச்சையாக இருக்கும் பிஞ்சுக் கிளையும் வேண்டாம், அது அழுகிவிடும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மாறி லேசாகப் பழுப்பு ஏறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள, வளைத்தால் கொஞ்சம் வளைந்து அப்புறம் 'டக்'கென்று முறியும் கிளைதான் வேண்டும்.

உங்களுக்கு இரண்டு மாதம் இருப்பதால் ஒரு வழி சொல்கிறேன். இந்த வாரமே போய் ஒவ்வொரு செடியிலும் பாதியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டியதில் நல்ல குச்சிகளை முதல் தவணையாக நடுங்கள். வெட்டிய இடத்தில் ஐந்தாறு வாரத்தில் புதுக் கிளைகள் வீரியமாகக் கிளம்பி வரும், அவை இளமையானவை, அவற்றில் வெட்டும் குச்சி முதல் தவணையைவிட நன்றாக வேர் பிடிக்கும். வீட்டை இடிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அது இரண்டாம் தவணை. மற்றப் பாதியைத் தொடாதீர்கள், அதில் வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வெட்டப் போகும் நாளில் காலை 9 மணிக்குள் வேலையை முடியுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்து இலை நிமிர்ந்து இருக்கும் நேரம் அது. கத்தியோ கத்தரியோ கூர்மையாக இருக்கவேண்டும், பழைய கத்தரியால் நசுக்கி வெட்டினால் நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும். புது பிளேடு கூடப் போதும். செடிக்குச் செடி போகும்போது ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள். குச்சி 12 முதல் 15 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணு இருக்கட்டும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றே கீழே, சாய்வாக. மேல்வெட்டு ஒரு கணுவுக்கு மேலே, நேராக. இப்படி வெட்டினால் எது மேல் எது கீழ் என்று குழம்ப மாட்டீர்கள். தலைகீழாக நட்ட குச்சி உருப்படாது, ஏனென்றால் வேரைத் தூண்டும் சத்து நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் இறங்கும். மரவள்ளிக் குச்சி நட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும், கணுவின் கண் மேலே பார்க்கவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்.

பூ, மொட்டு எது இருந்தாலும் கிள்ளிவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள். கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டு இலை மட்டும் வையுங்கள், செம்பருத்தி போன்ற பெரிய இலை என்றால் அதையும் குறுக்கே பாதியாகக் கத்தரியுங்கள். முழுக்க மொட்டையடிக்கவும் வேண்டாம், அந்தப் பாதி இலைதான் வேர் வரும்வரை குச்சிக்குக் கொஞ்சம் சோறு போடும். வெட்டியதை ஈரமான பத்திரிகைத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நிழலில் கொண்டு வாருங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் வைத்தோ, காரின் பின்பெட்டியில் அடைத்தோ கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். அன்றைக்கே நடவேண்டும்.

எதில் நடுவது? தோட்டத்து மண்ணிலும் வேண்டாம், கடையில் விற்கும் கறுப்பு மண்ணிலும் வேண்டாம், கோழி எரு கலந்தது எதிலும் வேண்டவே வேண்டாம். வேர் இல்லாத குச்சிக்கு உரம் எதற்கு? அது பூஞ்சைக்குத்தான் விருந்து. கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, அவ்வளவுதான். நர்சரியில் 'செக்காம் பாக்கார்' என்று கேட்டால் மூட்டையாகத் தருவார்கள், விலையும் அதிகமில்லை. உமி கருகியதால் அதில் கிருமி குறைவு, எடையே இருக்காது, காற்றோட்டம் பிரமாதம். தேங்காய் நார்த்தூளும் நல்லதுதான், ஆனால் நம் சீதோஷ்ணத்தில் அது தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதை மட்டும் தனியாகப் பயன்படுத்தாதீர்கள், மணலோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். கலவையில் கொதிநீரை ஒருமுறை ஊற்றி வடியவிட்டு, நன்றாக ஆறிய பிறகு எடுங்கள்.

தொட்டிக்குப் பதிலாக நான் சொல்வது, ஐஸ் போட்ட தேத்தண்ணீர் வாங்கும் பெரிய பிளாஸ்டிக் கப். கழுவி அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கப் கண்ணாடி மாதிரி இருப்பதால் வேர் வந்ததும் பக்கவாட்டில் வெள்ளை நூல் போலத் தெரியும். குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை அதோடு போய்விடும். சும்மா சொல்லவில்லை, அழுகலுக்கு அடுத்தபடி குச்சிகளைக் கொல்வது இந்தப் பிடுங்கிப் பார்ப்பதுதான். புதுசாக வரும் வேர் முளைகட்டிய பயறின் வால் அளவுக்குத்தான் இருக்கும், தொட்டாலே ஒடியும். வெளிச்சம் பட்டால் கப்பில் பாசி பிடிக்கும், அதனால் வெளியே கறுப்புப் பிளாஸ்டிக்கையோ தாளையோ சுற்றிவிட்டு, பார்க்கும்போது மட்டும் எடுங்கள்.

நடும்போது குச்சியாலேயே குத்தி இறக்காமல், முதலில் ஒரு ஈர்க்குச்சியாலோ பென்சிலாலோ குழி போட்டு, அதற்குள் குச்சியை இறக்கிக் கலவையை விரலால் அமுக்குங்கள். இரண்டு கணு உள்ளே, மீதி வெளியே. ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். அப்புறம் மேலே மூடி போடவேண்டும். 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டுக் கவிழ்த்தால் போதும், பாட்டிலின் திருகுமூடி இருக்கட்டும். உள்ளே ஈரக்காற்று தங்கி இலை வாடாது. பாட்டில் சுவரில் காலையில் பனித்துளி போல நீர் படிந்திருந்தால் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. படியாமல் வறண்டிருந்தால் மட்டும் ஓரமாக இரண்டு கரண்டி. துளித்துளியாக எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால் ஈரம் அதிகம், திருகுமூடியைக் கழற்றி ஒருநாள் காற்று விடுங்கள். இப்படி வைத்தால் வாரத்துக்கு ஒருமுறைகூடத் தண்ணீர் கேட்காது.

இடம் ரொம்ப முக்கியம். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஒரு துளிகூடக் கூடாது. மூடிய பாட்டிலில் பத்து மணி வெயில் அரை மணி நேரம் பட்டாலே உள்ளே இருப்பது அவிந்துவிடும். நான் நர்சரிக்குப் போன புதிதில் ஒரு மேடை முழுக்கச் செம்பருத்திக் குச்சியைப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டு நிழல்வலையை இழுத்துக் கட்டாமல் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பிளாஸ்டிக்கைத் தூக்கியபோது கீரை வேகவைத்த வாசனை வந்தது. அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் தாமான் வீட்டில் முன்பக்கப் போர்ச்சின் உள்சுவர் ஓரம், கார் நிற்கும் பக்கத்தில் வெளிச்சம் படும் இடம் சரியாக இருக்கும். கூரைத் தண்ணீர் சொட்டும் விளிம்பில் வைக்காதீர்கள். தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள், இல்லையென்றால் நத்தை ஒரே ராத்திரியில் துளிரைத் தின்றுவிட்டுப் போகும்.

வேர் ஊக்கிப் பொடி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், இந்த நிலைமையில் உதவும். அதில் இருப்பது பெரும்பாலும் ஐ.பி.ஏ. என்ற இண்டோல் பியூட்ரிக் அமிலம், வேரைத் தூண்ட செடி தானே சுரக்கும் ஆக்சின் என்ற சத்தின் வேலையைச் செய்வது. 1935இல் அமெரிக்காவில் பாய்ஸ் தாம்சன் ஆய்வுக்கூடத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் இது வேரைத் தூண்டுவதைக் காட்டினார்கள், இன்றைக்கும் நர்சரிகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. பொதியில் சதவீதம் போட்டிருக்கும்: மென்மையான தண்டுக்கு 0.1, பாதி முற்றியதற்கு 0.3, கட்டைத் தண்டுக்கு 0.8. உங்கள் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் 0.3 போதும். டப்பாவுக்குள் குச்சியை நேராக விடாதீர்கள், கொஞ்சமாகத் தட்டில் கொட்டி, அடி ஒரு சென்டிமீட்டர் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். நிறையப் பூசினால் நிறைய வேர் வராது, அடி கருகிவிடும்.

தேன், கற்றாழை, மஞ்சள், தேங்காய்த் தண்ணீர் பற்றியும் எழுதியிருந்தீர்கள். தேனுக்கும் மஞ்சளுக்கும் கிருமியைக் கொஞ்சம் அடக்கும் குணம் உண்டு, வேரை வரவழைக்கும் சத்து கிடையாது. வெட்டுவாயில் துளி மஞ்சள் தடவினால் கெடுதல் இல்லை. தேங்காய்த் தண்ணீரை மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்குப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு, 1941இல் வான் ஓவர்பீக்கும் அவரோடு இருந்தவர்களும் ஊமத்தையின் கருவைச் சோதனைக் குழாயில் வளர்க்க அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அதில் அதிகம் இருப்பது செல்லைப் பெருக்கித் துளிரைத் தூண்டும் சைட்டோகைனின் வகை, அது வேர் வருவதைப் பின்னுக்குத் தள்ளும். சர்க்கரையும் இருப்பதால் நம் புழுக்கத்தில் மூன்றே நாளில் பூசணம் பூக்கும். உருளைக்கிழங்கில் ரோஜாக் குச்சியைக் குத்தி நடும் வீடியோவை நம்பி அம்மாவின் ரோஜாவை வீணாக்காதீர்கள், கிழங்கு அழுகும்போது குச்சியையும் சேர்த்து அழுகவைக்கும்.

தண்ணீர்ப் பாட்டிலில் வைத்து வேர் வரவைக்கலாமா? கற்பூரவள்ளி, புதினா, மணி பிளாண்ட் போன்ற சாறுள்ள தண்டுக்குத் தாராளமாகச் செய்யலாம், கற்பூரவள்ளி ஒரு வாரம் பத்து நாளில் வேர் விட்டுவிடும். ரோஜா, மல்லிகைக்கு அது சரியான வழி இல்லை. தண்ணீரில் வரும் வேர் வேறு மாதிரி, மண்ணுக்கு மாற்றும்போது பாதி செத்துவிடும். வைப்பதென்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், நம் தாமானில் டிங்கி வந்து படுத்தவர்கள் கொஞ்சமா?

இனி உங்கள் செடிகள் ஒவ்வொன்றாக. செம்பருத்தி நான் சொன்ன முறையில் 4 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். அடுக்குச் செம்பருத்தி நம் வீடுகளில் பெரும்பாலும் விதை வைக்காது, ஒரு வீட்டிலிருந்து ஒரு வீட்டுக்குக் குச்சியாகவே போனது. 1960இல் மலாயில் 'புங்கா ராயா' என்று சொல்லும் செம்பருத்தியைத் தேசிய மலராக அறிவித்தார்கள், அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே நம் லயத்து வாசல்களில் சாமிக்குப் பறிக்க இது நின்றது. உங்கள் அம்மாவுக்கு யாரோ ஒரு அக்கா கொடுத்த குச்சியாகத்தான் இது வந்திருக்கும். நீங்கள் வெட்டி நடுவது அதன் பிள்ளை இல்லை, அதே செடிதான், அம்மா தண்ணீர் ஊற்றிய அதே உயிர். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். வெட்டுவதற்கு முன் இலைக்கடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் குச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு நடுங்கள்.

வெட்டாமல் விட்ட அந்த மற்றப் பாதியில் விண்பதியம் போடுங்கள். தாய்ச்செடியோடு ஒட்டியிருக்கும்போதே கிளையில் வேர் வரவைப்பது, குச்சியைவிட நிச்சயமானது. விரல் பருமனுள்ள கிளையில் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழவென்று இருப்பதைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுங்கள், விட்டால் பட்டை மறுபடி கூடிவிடும். உரித்த இடத்தின் மேல்விளிம்பில் கொஞ்சம் பொடி தடவி, நனைத்து நன்றாகப் பிழிந்த தேங்காய் நாரை ஒரு கைப்பிடி வைத்து, பிளாஸ்டிக் சுற்றி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். செம்பருத்திக்கு ஐந்தாறு வாரம். பிளாஸ்டிக் வழியே வேர் தெரிந்ததும் கீழே வெட்டி எடுத்துக்கொள்ளலாம். இந்த வாரம் மூன்று நான்கு கிளையில் போட்டுவிட்டால் இடிப்பதற்குள் கையில் கன்று இருக்கும். லிமாவ் (எலுமிச்சை) மரம் இருந்தால் அதற்கும் இதே வழிதான்.

பன்னீர் ரோஜா கொஞ்சம் பிகு செய்யும், ஆனால் வரும். கேமரன் மலையிலிருந்து வரும் பெரிய பூ ரோஜாக்கள் நம் கீழ்நாட்டுச் சூட்டில் தடுமாறும், இந்தப் பழைய நாட்டு ரோஜா அப்படி இல்லை. பூத்து உதிர்ந்த கிளைதான் சரியான பக்குவம், பூவின் தலைப்பைக் கிள்ளிவிட்டு அதற்குக் கீழே உள்ள துண்டை எடுங்கள். முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் 'டப்'பென்று சுத்தமாக ஒடிந்து வரவேண்டும், அதுதான் பக்குவத்துக்கு அடையாளம். தோலோடு கிழிந்தால் இன்னும் பிஞ்சு. 4, 5 வாரம் ஆகும். ரோஜாவில் மட்டும் 20 குச்சியாவது நடுங்கள், அதில் ஐந்தாறு வந்தால் மகிழ்ச்சி. பன்னிரண்டு குச்சியை எல்லாச் செடிக்கும் பிரித்து நட்டது போன முறை நீங்கள் செய்த இன்னொரு தவறு, நர்சரிக்காரர்களே நட்டதெல்லாம் பிழைக்கும் என்று கணக்குப் போடுவதில்லை.

மல்லிகைக்குக் குச்சியைவிட சாதாரணப் பதியம் நல்லது. நீளமான கொடியை வளைத்து, ஒரு கணுவின் அடிப்பட்டையை லேசாகக் கீறி, பக்கத்தில் மண் நிரப்பிய பொலிபேக்கில் அந்தக் கணுவைப் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள், நுனி வெளியே இருக்கட்டும். பொலிபேக்கில் புதைப்பதால் ஆறேழு வாரம் கழித்துத் தாயிடமிருந்து வெட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வரலாம். வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும், மழையே தண்ணீர் ஊற்றிவிடும்.

முருங்கைக்கு இந்த மூடியெல்லாம் தேவையில்லை. மணிக்கட்டுப் பருமனில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் போத்தாக வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் சாய்த்து வைத்து வெட்டுவாய் உலர்ந்ததும் மேட்டு நிலத்தில் நடுங்கள். மேல்முனையில் கொஞ்சம் சாணியோ களிமண்ணோ அப்புவது நம் வழக்கம், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. துளிர்க்கும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கருவேப்பிலை குச்சியில் வருவது கடினம், அதில் நேரத்தைப் போக்கவேண்டாம். மரத்தைச் சுற்றித் தரையிலிருந்து குருத்தாகக் கன்றுகள் கிளம்பியிருக்குமே, அவை வேரிலிருந்து வந்தவை. ஒரு கன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கும் தாய்மரத்துக்கும் நடுவில் மண்வெட்டியை நேராக ஒரு குத்து குத்தி வேரை அறுத்துவிட்டு, எடுக்காமல் அப்படியே விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அது தனியாக வேர் விட்டுக்கொள்ளும், அப்புறம் மண்ணோடு தோண்டுங்கள். அறுத்த அன்றைக்கே பிடுங்கினால் பிழைப்பது சந்தேகம். பழுத்துக் கறுத்த பழம் இருந்தால் சதையை நீக்கி அன்றே விதையுங்கள், அந்த விதை ஒரு வாரம் காய்ந்தாலே முளைப்புப் போய்விடும்.

நட்ட பிறகு என்ன பார்க்கவேண்டும்? இலைக்காம்பு மஞ்சளாகித் தொட்டதும் சுத்தமாக உதிர்ந்தால் பயப்படாதீர்கள், குச்சி உயிரோடு இருந்துகொண்டுதான் அந்த இலையைக் கழற்றிவிடுகிறது. இலை கறுத்து, சுருங்கி, உதிராமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் அது போய்விட்டது, பக்கத்துக் குச்சிக்குப் பூஞ்சை பரவும் முன் எடுத்துவிடுங்கள். பால்மரத்தில் ஒட்டுக்கட்டி 21 நாள் கழித்துக் கட்டைப் பிரித்து நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்போம், பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. குச்சியிலும் அப்படிச் சுரண்டிப் பார்க்கலாம், ஆனால் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், வேர் இருக்கிறது என்று பொருள் இல்லை. வேரைக் கப் வழியாகத்தான் பார்க்கவேண்டும்.

வெள்ளை வேர் நாலைந்து இடத்தில் தெரிந்த அன்றே மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுவரை ஈரக்காற்றிலேயே வளர்ந்த இலை, ஒரே நாளில் வெளியே வந்தால் தலை சாய்த்துவிடும். முதலில் திருகுமூடியை மட்டும் கழற்றி இரண்டு நாள், அப்புறம் ராத்திரியில் மட்டும் பாட்டிலை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள், பிறகு முழுசாக. ஒரு வாரம் கழித்துச் சின்னப் பொலிபேக்குக்கு மாற்றி, நல்ல மண் கலந்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். உரம் ஒரு மாதம் கழித்து, அதுவும் பாக்கெட்டில் சொன்னதில் கால்வாசி.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறியபோது நான் சின்னப் பையன். அம்மாவின் மருதாணிச் செடியில் நான்கு கிளையை ஒடித்து வாளித் தண்ணீரில் போட்டு லாரியில் கொண்டு வந்தோம், நான்கும் வாளியிலேயே அழுகிப் போனது. அடுத்த தீபாவளிக்குக் கடையில் மருதாணிப் பொடி வாங்கியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பக்கமெல்லாம் செம்பனை போட்டுவிட்டார்கள், திரும்பிப் போய் வெட்டிவர ஒன்றும் இல்லை. அதனால் எல்லாக் குச்சியையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வேர் பிடித்ததும் உங்கள் அண்ணன் வீட்டுக்கு ஒன்று, சித்தி வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்துவையுங்கள், உங்களிடம் இருப்பது போனாலும் அங்கிருந்து குச்சி வாங்கலாம்.

கடைசியாக, இடிப்பதற்கு முந்தின வாரம் போகும்போது ஒரு மண்வெட்டியும் சாக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். குச்சிகளும் பதியங்களும் கைக்கு வந்த பிறகு, தாய்ச்செடியையே தோண்டிப் பாருங்கள். ரோஜாவை முழங்காலுக்குக் கீழே வெட்டி, சுற்றிலும் ஒரு முழம் விட்டுத் தோண்டி, மண் உதிராமல் ஈரச்சாக்கில் கட்டித் தூக்குங்கள், இலை ஒன்றுகூட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பெரிய தொட்டியில் வைத்து, ஒரு மாதம் நிழலில் விடுங்கள். செம்பருத்தியும் அப்படியே. பழைய செடி என்பதால் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் ரோஜாவின் அடித்தண்டில் சிவப்பாக ஒரு மொட்டு உப்பிக்கொண்டு வந்தால் உடனே எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.